வலப்பக்கம் விழுந்த தாயத்து

எங்கள் வீட்டில் ஒரு சமயம் எல்லாரும் ஏதாவது ஒன்று விழுவதற்காகக் காத்திருந்தோம். அத்தை கோயிலில் பூ விழக் காத்திருந்தார். மாமா கம்ப்யூட்டரில் தாயத்து விழக் காத்திருந்தார். இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் எங்கள் லூனாஸ் ஊர் வீட்டில் இருந்தார். அம்மாவும் அவரும் கோலா கெத்தில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். பெற்றவர்கள் இருவருமே சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால், அம்மா கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு மாமாவும் கூடவே வந்துவிட்டாராம். “மத்த பொண்ணுங்க பீரோ, கட்டிலுன்னு கொண்டாருவாங்க. இவ ஒரு தம்பிய கொண்டாந்தா” என்று அத்தை சொல்வார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமாவின் காதில் விழும்படிதான் சொல்வார். மாமா சிரிப்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

மாமா கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். வேலை முடிந்து வந்தால் குளியல், கோப்பி, அப்புறம் கம்ப்யூட்டர். ஹாலின் மூலையில், சாமி மேடைக்குச் சற்றுத் தள்ளி அது இருந்தது. அதில் ஒரு சண்டை விளையாட்டு. மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் படம் தெரியும். குகை, பாலைவனம், இடிந்த கோட்டை என்று ஊர் ஊராகப் போய் பூதங்களைக் கொல்லவேண்டும். மாமாவின் ஆள் ஒரு வில்லுக்காரி. பூதங்கள் சாகும்போது கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டுச் சாகும். பெரும்பாலும் குப்பைதான், துருப்பிடித்த கத்தி, பிய்ந்த செருப்பு என்று. எப்போதாவது நல்ல பொருள் விழும். அதை விளையாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கண்ணால் பார்த்தே இராத சில பொருள்களும் உண்டு. அப்படி ஒன்றுக்காகத்தான் மாமா காத்திருந்தார். சூரியன் பொறித்த, கழுத்தில் போட்டுக்கொள்ளும் ஒரு பதக்கம். அதற்கு ஆங்கிலத்தில் நீளமான பெயர் இருந்தது. மாமாவும் அதே ஆட்டத்தை ஆடும் அவருடைய கூட்டாளியும் தாயத்து என்று சுருக்கிவிட்டார்கள்.

அந்தத் தாயத்தைத் தேடுவதில் காட்டிய ஒழுங்கை மாமா தொழிற்சாலையில் காட்டியிருந்தால் எப்போதோ சூப்பர்வைசர் ஆகியிருப்பார் என்று அப்பா சொல்வார். வழியில் வரும் சில்லறைப் பூதங்களோடு மாமா மல்லுக்கு நிற்கமாட்டார். அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடி, நேரே கடைசிக் குழிக்குப் போய்விடுவார். அங்கே எருமைத் தலையோடு ஒருவன் நிற்பான். அவனைக் கொல்வார், கீழே என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பார், தாயத்து இல்லையென்றால் ஆட்டத்தை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவார். வந்து பார்த்தால் செத்தவன் உயிரோடு நிற்பான், தரையில் கிடந்தது எதுவும் இருக்காது. எடுக்காமல் விட்டது விட்டதுதான். மறுபடி ஓட்டம், மறுபடி குழி. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மாமாவுக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது.

வில்லுக்காரிக்கு அவர் போட்டுவிட்டிருந்த உடுப்பைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். ஒட்டுப்போட்ட சட்டை, ஓட்டைத் தொப்பி. அவளுக்கு நல்ல கவசம் வாங்கிக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன். “அதிஷ்டத்துக்குப் போட்டா அடி தாங்காது பாப்பா. அடி தாங்குறதப் போட்டா அதிஷ்டம் வராது. ரெண்டும் ஒரே ஒடம்புல தங்காது” என்றார். ஆகவே உடுப்பு முழுவதும் நல்ல பொருள் விழும் அதிர்ஷ்டத்துக்கு, வில் மட்டும் கொல்வதற்கு. அந்த வில்லைப் பற்றிப் பேசும்போது மாமாவின் குரலே மாறிவிடும். பலநாள் பாடுபட்டுச் சேர்த்தது, நீல நெருப்பாய் எரிவது. அது கையில் இல்லையென்றால் எருமைத் தலையனுக்குக் கிட்டே போகமுடியாது. மற்ற பிள்ளைகளின் மாமாக்கள் மோட்டார் சைக்கிளைத் துடைப்பதுபோல என் மாமா அந்த வில்லைத் திறந்து திறந்து பார்த்துக்கொள்வார்.

இப்படி இருந்தபோதுதான் அம்மாவை பினாங்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் ஒரு சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார்கள். சின்னக் கட்டிக்கு எதற்கு அப்பா லாரியை நிறுத்திப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார், எதற்கு கோத்தா கோலா மூடாவிலிருந்து அத்தை துணிமூட்டையும் கருவாட்டுப் பொட்டலமுமாக வந்து எங்கள் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார் என்று நான் கேட்டேன். கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அம்மாவைப் பார்க்கவும் முடியாது. சாயங்காலம் அப்பா போன் செய்யும்போது அம்மாவின் குரலைக் கொஞ்சம் கேட்கலாம். அம்மா “பசியாறினியா? பள்ளிக்கூடம் போனியா?” என்று ஒவ்வொரு நாளும் அதையேதான் கேட்பார். நான் அம்மாவின் நைட்டி ஒன்றைத் தலையணைக்குள் திணித்து வைத்துக்கொண்டு தூங்கினேன். அம்மா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவுடன் அத்தை என்னைப் பூ கேட்க அழைத்துப்போனார். தோட்டத்து ஓரத்து மாரியம்மன் கோயில். அம்மனின் இரண்டு தோளிலும் பூசாரி ஈரப்பூவை வைத்தார். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் நல்ல வாக்கு, நினைத்தது நடக்கும். அந்தப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கத்துப் பூ விழுந்தால் ஆகாது. “அத தொடக்கூடாது. எடுத்தா அந்த வாக்க ஏத்துக்கிட்டதா ஆயிரும். அப்படியே விட்டுட்டு இன்னொரு நாள் வந்து கேக்கணும்” என்று அத்தை என் காதில் கிசுகிசுத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூ விழவே இல்லை. அன்றைக்கு நல்ல மழை, காற்றெல்லாம் ஈரம், பூ காயவில்லை போலிருக்கிறது. அத்தை கண்ணை மூடி என்னென்னவோ வேண்டினார். எனக்குக் கால் கடுத்தது. கடைசியில் பூசாரியே சங்கடப்பட்டு, “இன்னொரு நாளு வாங்கம்மா, மழ இல்லாத நாளா பாத்து” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மழை இல்லாத நாளாக எது வந்தது? அந்த வாரம் முழுவதும் பெய்தது. அத்தை மறுநாளும் போய்வந்தார். வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைப் பார்த்தால் விழவில்லை என்று தெரிந்தது.

அன்று மத்தியானம் மாமா போனில் கூட்டாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். “ஒனக்குத்தான் ஒன்னு விழுந்திருச்சுல்ல, ஒனக்கென்னாலா? எனக்கு இன்னும் விழல. விழும் விழும், விழாம எங்க போயிரும்.” நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மாமாவும் வாக்குத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. இத்தனை நாளாய் விளங்காமல் போனதுதான் ஆச்சரியம். தாயத்து என்றால் கோயிலில் மந்திரித்துக் கட்டுவது. தாயத்து விழுகிறதா என்று பார்ப்பதும் பூ விழுகிறதா என்று பார்ப்பதும் ஒன்றுதானே? கோயிலிலாவது மழை. குழிக்குள் மழை பெய்வதில்லை.

கையைக் கழுவிவிட்டு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “மாமா, தாயத்து வலப்பக்கம் விழுந்தா அம்மாவுக்கு நல்லாயிரும்தானே?” என்று கேட்டேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு நான் சொன்னது உடனே புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். இந்த மாதிரி விஷயங்கள் அவருக்குச் சீக்கிரம் புரியும். “ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மொதல்ல விழட்டும் பாப்பா” என்றார். எத்தனையோ நாளாய் விழாதது ஆபரேஷனுக்குள் எங்கே விழப்போகிறது, பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணியிருப்பார். வேறு யாராயிருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள்.

அதற்குப்பிறகு அந்த விளையாட்டு எனக்கு விளையாட்டாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் ஸ்டூலில் உட்காருவேன். எருமைத் தலையன் சாயும்போதெல்லாம் கைகூப்புவேன். பூதத்தைக் கும்பிடும் பிள்ளையைப் பார்த்து அத்தை தலையில் அடித்துக்கொண்டார். மாமா சாப்பாட்டைக்கூட நாற்காலிக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் விளையாடினார். முன்பெல்லாம் நான் கெஞ்சினால் கீழே கிடக்கும் ஒரு கத்தி, ஒரு வளையல் எடுத்துத் தருவார். இப்போது நானே, “அதெல்லாம் வேணாம் மாமா, நேரம் போகுது, அடுத்தது போங்க” என்று விரட்டினேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளுக்கும் முந்தின நாள் மத்தியானம், தாயத்து விழுந்தது.

மணியை மெல்லத் தட்டினாற்போல ஒரு சத்தம் வரும் என்று மாமா சொல்லியிருந்தார். அப்படியே வந்தது. தரையில் தங்க நிறத்தில் எழுத்து மினுங்கியது. மாமா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, சின்னப் பையன் மாதிரி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

எருமைத் தலையன் செத்துக் கிடந்தான். தாயத்து அவனுக்கு இடப்பக்கம் கிடந்தது.

மாமா மெதுவாக உட்கார்ந்தார். “நல்லா பாரு பாப்பா. சாமி நம்மள பாத்துத்தானே நிக்கும்? சாமிக்கு வலப்பக்கம்னா நமக்கு இடப்பக்கமா தெரியும். இதுவும் அப்படித்தான்லா” என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அம்மன் நம்மைப் பார்த்து நிற்பது உண்மைதான். ஆனால் எருமைத் தலையன் வில்லுக்காரியைத் துரத்திக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனவன். நமக்கு முதுகைக் காட்டியபடி செத்திருந்தான். இடம் என்றால் இடம்தான். அதைச் சொல்லிக்காட்டிவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.

அடுப்படியிலிருந்து அத்தை கரண்டியோடு வந்தார். என்ன ஏது என்று கேட்டார். அழுகைக்கு நடுவே நான் சொல்ல, விட்ட இடத்தை மாமா சொல்ல, அத்தைக்கு ஒருவாறு விளங்கியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரைக்குக் கிட்டே குனிந்து, கோயிலில் நிற்கும் அதே முகத்தோடு பார்த்தார்.

“மொகம் எந்தப் பக்கம் இருக்கு தம்பி?”

அத்தை இன்னும் கொஞ்சம் குனிந்து கொம்பைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், தாயத்தைப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “அரக்கன்கிட்ட எல்லாம் யாரும் வாக்கு கேப்பாங்களா? அதெல்லாம் செல்லாது” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். போகிறபோது அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்ததைப் பார்த்தேன். எண்ணெய் தெறித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

செல்லாது என்றால் மறுபடி கேட்கலாம். எனக்கு அழுகை நின்றது. அதற்குள் மாமாவின் கை தாயத்தை எடுக்கப் போனது. நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எடுக்காதீங்க மாமா. எடுத்தா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அப்படியே விட்டுட்டு திருப்பிக் கேக்கணும். அத்த சொன்னாங்க.”

மாமா என்னைப் பார்த்தார், தாயத்தைப் பார்த்தார். அது தங்க எழுத்தில் மினுங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தது. எவ்வளவு காலம் அதற்காக அந்தக் குழிக்குள் இறங்கியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. வெளியே ஐஸ்கிரீம் மோட்டார் மணி அடித்துக்கொண்டு போனது. நான் அவர் கையை விடவில்லை. மாமா ஒரு பெருமூச்சு விட்டு, ஆட்டத்தை விட்டு வெளியேறினார். மறுபடி உள்ளே வந்தபோது எருமைத் தலையன் உயிரோடு நின்றான், தரை வெறுமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் மாமா வாசலில் நின்று கூட்டாளியிடம் போன் பேசினார். அந்தப் பக்கம் கூட்டாளி போட்ட கூச்சல் எனக்கு இங்கே கேட்டது. பைத்தியமா ஒனக்கு, கைக்கு வந்தத விட்டுட்டியா என்று திட்டினார். மாமா திட்டெல்லாம் வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். அந்தப் பக்கம் கூச்சல் அடங்கியது.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மாமா குளித்து, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். அதுவே புதுசு. மாமா தைப்பூசத்துக்குக்கூடக் கூட்டாளிகளோடு சுற்றுவதற்குத்தான் போவார். “இன்னிக்கு முறையா கேப்போம் பாப்பா. கண்ண மூடி அம்மாவ நெனச்சுக்க. நான் சொல்றப்ப தொற” என்றார். வில்லுக்காரி குழிக்குள் இறங்கினாள். அன்றைக்கு என்னவோ அவள் கையில் நீல நெருப்பைக் காணோம், வெறும் கட்டை வில். எருமைத் தலையனைக் கொல்ல வெகுநேரம் பிடித்தது. அவள் இரண்டு தடவை செத்துப் பிழைத்தாள். வில் எங்கே என்று கேட்டேன். “பெட்டியில வச்சிருக்கேன். வாக்கு கேக்கறப்ப ஆயுதம் ஆகாது” என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. அவன் சாய்கிற நேரம் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அம்மாவின் முகத்தை இழுத்து நிறுத்திக்கொண்டு, விழணும், விழணும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணிச் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தால், முதுகு காட்டிச் செத்துக் கிடந்தவனின் வலப்பக்கத்தில் தாயத்து. எப்போதும் தூர நின்று எய்கிற வில்லுக்காரி அன்றைக்கு அவனுக்குப் பக்கத்திலேயே, தாயத்தை மிதித்துவிடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். நான் அதையெல்லாம் எங்கே கவனித்தேன்? ஸ்டூல் உருண்டு விழ எழுந்து குதித்தேன். அடுப்படிக்கு ஓடி அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “வலந்தான்” என்றார். மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

சாயங்காலம் அப்பாவின் போன் வந்ததும் பிடுங்கிக்கொண்டேன். “விழுந்திருச்சுப்பா. வலப்பக்கம் விழுந்திருச்சு. அத்தயும் பாத்தாங்க” என்றேன். அப்பாவுக்கு எருமைத் தலையனைப் பற்றி என்ன தெரியும்? கோயிலில் பூ விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. அப்புறம் அம்மாவே பேசினார். அன்றைக்கு அவர் பசியாறினியா என்று கேட்கவில்லை. “பூ விழுந்துச்சாடா கண்ணு? அப்ப அம்மாவுக்கு பயமே இல்ல. தம்பிகிட்ட சொல்லிரு, அக்கா தைரியமா போறேன்னு” என்றார். நான் அதை அப்படியே, அம்மாவின் குரலிலேயே மாமாவிடம் நடித்துக் காட்டினேன். மாமா கேட்டுவிட்டு மோட்டாரைத் துடைக்கப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்துகொண்டே துடைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அம்மா வீட்டுக்கு வந்தார், மெலிந்து, மெதுவாக நடந்து, மருந்து வாசனையோடு. நான் தலையணைக்குள்ளிருந்து நைட்டியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் தாயத்தின் மகிமை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டேன். மாமா அதற்கப்புறம் அந்தக் குழிக்குள் இறங்கவில்லை. கட்டை வில்லை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவார்? கொஞ்ச நாளில் அந்த விளையாட்டையே மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன்.

இப்போது நான் சுங்கைப்பட்டாணியில் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்த களைப்புக்கு நானும் ஏதாவது ஒரு குழிக்குள் இறங்கி, யாராவது ஒரு அரக்கனைக் கொன்றுகொண்டிருக்கிறேன். மாமாவின் கணக்குகளெல்லாம் எனக்கும் அத்துப்படி. ஒரு நாள் ஆட்டத்தில் பையில் இடமில்லாமல் ஒரு மோதிரத்தைக் கீழே போட்டேன். என் ஆளின் காலடியில் அது விழுந்தது. மணியை மெல்லத் தட்டினாற்போல அதே சத்தம் வந்தது. சுட்டியிலிருந்து கையை எடுத்தேன். அரிதான பொருள் அடுத்தடுத்த நாளில் இரண்டு தடவை விழாது என்பது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கவேண்டும்.

அந்த வாரக் கடைசியில் லூனாஸுக்குப் போனபோது மாமாவிடம் கேட்டேன். அடுப்படியில் அம்மா மாமாவின் தொப்பையைப் பற்றி ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மாமா அதைக் காதில் வாங்காமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். வில்லைக் கூட்டாளியிடம் கொடுத்துத்தான் அவனுடைய தாயத்தை வாங்கினாராம். “நல்ல வில்லு அது” என்றார், இன்னமும் கொஞ்சம் வருத்தத்தோடு.

“வலப்பக்கம் போட்டீங்களே மாமா, அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா எங்கிட்ட என்னா சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஒன்னய சமாளிச்சிருப்பேன்” என்றார். கோப்பியை ஆற்றினார். “மொத நாளு விழுந்துச்சே, அதுதான் உண்மையா விழுந்தது. அத நெனச்சுத்தான்லா எனக்கு...” என்று ஆரம்பித்தவர், அம்மா தட்டோடு வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் அதை யோசித்ததே இல்லை. எனக்கு வலப்பக்கம் விழுந்தது. அத்தைக்கும் அம்மாவுக்கும்கூட ஒருவிதத்தில் விழுந்துவிட்டது. மாமாவுக்கு மட்டும் விழுந்தது இடப்பக்கந்தான். சாமி, வாக்கு என்றால் சிரிக்கிற மனிதர் அதை யாரிடமும் சொல்லமுடியாமல் வைத்துக்கொண்டு, தன் கையால் போட்ட தாயத்தை நம்பி அக்கா தைரியமாக உள்ளே போகிறார் என்று கேட்டுக்கொண்டு, அன்றிரவைக் கழித்திருக்கிறார். அவரை வளர்த்தது என் அம்மா. என் அம்மாவை விட்டால் அவருக்கு வேறு யாரும் கிடையாது. நானோ ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது எனக்கு மட்டுமே சொந்தமான ஒருவர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நாளன்று மாமா வேலைக்கு லீவு போட்டிருந்தார். மத்தியானம் அத்தை கோழி சமைத்து எங்கள் இருவருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தார். மாமா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடியே இருந்தார். எனக்குப் பிடித்த கால் துண்டு அவர் தட்டில் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, அதை எடுத்து என் தட்டில் வைத்தார். சோற்றையும் தள்ளினார். நான் இரண்டு பேர் பங்கையும் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். மாமாவுக்கு அன்றைக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.